தாங்கும் மண்ணுக்கு முதல் வணக்கம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி சந்நிதியை நெருங்கும்போது வெள்ளியம்பலம் வரும். அங்கே ஆடுகிற நடராஜர் மற்ற ஊர்களில் நிற்பதுபோல் நிற்பதில்லை. தில்லையில் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கியவர், மதுரையில் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். அப்படி ஏன் மாறினார் என்பதைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், கால் மாறி ஆடிய படலத்தில் சொல்கிறது.

ராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகள் கற்றவன். ஆடற்கலை ஒன்றுதான் பாக்கி. சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர், எங்கள் மன்னர் அறுபத்து நான்கும் அறிந்தவர் என்று சொல்லிவிட, பாண்டியனும் ஆடக் கற்கத் தொடங்கினான். கற்கத் தொடங்கியதும் உடம்பு நோகிறது. கால் கடுக்கிறது. அந்த வலியோடு கோயிலுக்குப் போய் வெள்ளியம்பலத்தில் நிற்கிறான். எல்லோரும் தூக்கிய திருவடியைப் பார்த்துக் கைகூப்பும் இடத்தில், அவன் பார்வை ஊன்றிய காலுக்குப் போகிறது. எத்தனை காலமாக இந்த ஒரே காலில் நிற்கிறாய் சுவாமி, உனக்கு வலிக்காதா என்று உருகுகிறான். கால் மாற்றி ஆட வேண்டும், இல்லாவிட்டால் உயிரை விடுவேன் என்று கண்ணை மூடிக்கொள்கிறான். கண் திறந்தபோது இறைவன் கால் மாறி நிற்கிறான்.

இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது ஒன்றுண்டு. அந்த அரசன் அதற்கு முன்பும் அதே சந்நிதிக்கு எத்தனையோ முறை வந்தவன்தான். அறுபத்து மூன்று கலைகள் அவனுக்குத் தராத ஒரு பார்வையை, சில நாள் பட்ட கால்வலி தந்துவிட்டது. தன் உடம்பு நொந்த பிறகுதான் தாங்கி நிற்பவனின் நோவு அவனுக்குத் தெரிந்தது. நடனம் கற்பதன் முதல் பயன் இதுதான் என்று நம்புகிறேன். நம்மைத் தாங்குவது எது, யார் என்று உடம்பாலேயே உணர்வது. ஆன்மிகத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

பாண்டியன் கற்ற பாடத்தை இன்றைக்கும் நம் தெருக்களில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மயிலாப்பூரோ மாம்பலமோ, ஸ்ரீரங்கமோ கும்பகோணமோ, மாலை விளக்கேற்றும் நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டின் முன்கூடத்திலிருந்து தட்டுக்கழியின் ஓசை கேட்கும். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். சுவரோரம் பள்ளிக்கூடப் பைகள். உள்ளே துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் கட்டிய பிள்ளைகள், அரைப்புடவை உடுத்திய பெரிய பெண்கள், மூலையில் ஒரு நடராஜர் சிலை, அதன் முன் ஓர் அகல். வெளியே பலகையில் பரதநாட்டியம், குச்சிப்புடி, கிராமிய நடனம், சில இடங்களில் சினிமா நடனம், மேற்கத்திய நடனம் என்று எழுதியிருக்கும். எந்த நடனத்துக்காக யார் வந்தாலும், பரதம் சொல்லித்தரும் கூடத்தில் எல்லாம் ஒரு வணக்கத்தில்தான் தொடங்குகிறது.

அதைத் தட்டிக் கும்பிடுதல் என்பார்கள். நேராக நின்று, பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் தட்டி, கைகளை விரித்துச் சுழற்றி, முழுமண்டியில் அமர்ந்து, விரல் நுனிகளால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பிறகு எழுந்து, தலைக்கு மேல் கைகூப்பித் தெய்வத்துக்கு ஒன்று, நெற்றிக்கு நேரே குருவுக்கு ஒன்று, நெஞ்சுக்கு நேரே அவையோருக்கு ஒன்று. தரையைத் தொடுவதன் பொருளை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள்: இப்போது உன்னை மிதிக்கப் போகிறேன் தாயே, பொறுத்துக்கொள். வகுப்பு முடியும்போது மறுபடியும் அதே வணக்கம். இத்தனை நேரம் மிதித்தேன், பொறுத்துக்கொண்டாய்.

நாளெல்லாம் நாம் இந்த மண்ணின் மேல்தான் நடக்கிறோம், ஓடுகிறோம், வண்டி ஓட்டுகிறோம், குழி தோண்டுகிறோம், குப்பை கொட்டுகிறோம். ஒரு நாளாவது கேட்டுக்கொண்டு செய்கிறோமா? விடியலில் கட்டிலிலிருந்து இறங்குமுன் பூமியிடம் மன்னிப்புக் கேட்டுக் காலை வைக்கிற பெரியவர்கள் பல வீடுகளில் இருந்தார்கள். அந்த வழக்கம் வீடுகளிலிருந்து மெல்லப் போய்விட்டது. நடன வகுப்பில் மட்டும் ஐந்து வயதுக் குழந்தை அதை இன்னும் தவறாமல் செய்கிறது. பொருள் தெரிந்து செய்கிறதா என்று கேட்கத் தேவையில்லை. உடம்பு முதலில் கற்றுக்கொள்ளும். மனம் மெல்லப் பின்னால் வரும். பத்து ஆண்டுகள் நாள்தோறும் குனிந்து தரையைத் தொட்ட கை, ஒரு நாள் தான் செய்வதன் பொருளைத் தானே கண்டுகொள்ளும்.

வணக்கம் முடிந்ததும் அரைமண்டி. குதிகால்கள் சேர்ந்திருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து மடிய, முதுகு கோல்போல நிமிர்ந்திருக்க வேண்டும். பார்ப்பதற்கு எளிது. அந்த நிலையில் அடவு என்னும் ஓர் அசைவுக் கோவை முடியும்வரை இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தொடை நடுங்குவது தெரியும். "இன்னும் கொஞ்சம் உட்காரு கண்ணு. முதுகை வளைக்காதே. முகத்தைச் சுளிக்காதே" என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். கால் கெஞ்சும்போதும் முகம் தெளிவாக இருக்க வேண்டும். வலியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பார்ப்பவர்க்கு மலர்ச்சியை மட்டும் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் இதைக் கற்றுக்கொண்டவர்கள் பின்னால் வாழ்க்கையில் வரும் பல பாரங்களைப் புலம்பாமல் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வலி என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உழைப்பால் வரும் வலி வேறு, காயத்தால் வரும் வலி வேறு. நல்ல ஆசிரியருக்கு இரண்டும் தெரியும். முழங்கால் பாதம் திரும்பிய திசையிலேயே மடிகிறதா, உள்பக்கம் சரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வெறும் சிமெண்டுத் தரையிலும் சலவைக்கல்லிலும் ஓங்கித் தட்டவிட மாட்டார். உடம்பு சரியில்லாத பிள்ளையை உட்கார்ந்து தாளம் போடச் சொல்வார். உடம்பும் தாங்குகிற ஒன்றுதான். அதையும் கேட்டுக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். தன் காலை மதிக்காதவருக்கு மண்ணை மதிக்க வராது.

பிறகு அடவுகள். முதலில் தட்டடவு: தை யா தை. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். ஒரே சொற்கட்டு, ஒரே கால், வேகம் மட்டும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். தட்டடவு முடிந்தால் நாட்டடவு, அதற்குப் பிறகு குதித்து மெட்டடவு என்று மாதங்கள் போகும். பாட்டுக்கு எப்போது ஆடுவோம் என்று குழந்தை கேட்கும். என் மகள் இன்னும் ஒரு பாட்டுக்கூட ஆடவில்லையே என்று அம்மா கேட்பார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே மறுபடியும் தை யா தை என்று தொடங்குவார்.

ஜபம் செய்பவர்களுக்கு இந்தப் பொறுமையின் பொருள் எளிதில் விளங்கும். ஒரு நாமத்தை ஆயிரம் முறை சொல்வது, ஆயிரமாவது முறைதான் அது சித்திக்கும் என்பதற்காக இல்லை. சொல்லச் சொல்லச் சொல்கிறவர் கரைகிறார். முதல் சில நாட்கள் நான் தட்டுகிறேன் என்ற நினைப்பு இருக்கும். சரியாகத் தட்டினேனா, பக்கத்தில் நிற்பவளைவிட நன்றாகத் தட்டினேனா என்ற கவலை இருக்கும். நாள் போகப் போக அந்தக் கணக்குகள் ஓய்ந்து, கழியின் ஓசையும் காலின் ஓசையும் ஒன்றாகிவிடும் நேரம் வரும். அந்த நேரம் சில நொடிதான் நீடிக்கும். அதை ருசித்தவர்கள் அதற்காகவே மறுநாளும் வருவார்கள். பக்தியில் நெடுங்காலம் தேடுகிற நிலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

அந்தக் கழியைப் பிடித்திருப்பவரையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் பல குழுக்களுக்கு ஒரே அடவைச் சொல்லித் தருகிறார். தட்டுப்பலகைக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரே சொற்கட்டைத் தொண்டை வறளச் சொல்கிறார். எழுந்து வந்து ஒரு குழந்தையின் முழங்கையை உயர்த்திவிட்டு, இன்னொன்றின் தோளைத் தாழ்த்திவிட்டு, திரும்பப் போய் உட்கார்கிறார். திருத்தப்படும் குழந்தைக்குத் திருத்தம்தான் தெரியும், ஆசிரியரின் களைப்பு தெரியாது. ஆண்டுகள் கழித்து, அவள் தன்னைவிடச் சிறியவர்களுக்கு அடவு சொல்லித் தரத் தட்டுக்கழியைக் கையில் எடுக்கும் நாளில்தான் "அக்கா இவ்வளவு காலம் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ" என்று தோன்றும். நெற்றிக்கு நேரே கைகூப்பும் குரு வணக்கம் அன்றைக்குத்தான் முழுமையடைகிறது.

எந்த நடனம் உயர்ந்தது என்ற கேள்வியை இந்த இடத்தில் அமைதியாக ஒதுக்கிவைக்கலாம். ஒவ்வொரு நடனமும் மண்ணைத் தொடும் விதத்தைக் கவனியுங்கள். பரதத்தில் அரைமண்டியில் அமர்ந்து உள்ளங்கால் முழுவதும் பதியத் தட்டுகிறார்கள். கதக்கில் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு காலிலும் நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் ஒலிக்கத் தரையோடு உரையாடுகிறார்கள். குச்சிப்புடியின் தரங்கத்தில் பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி நின்று ஆடுகிறார்கள். கதகளியில் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நிற்கிறார்கள். மோகினியாட்டத்தில் உடல் மெல்ல ஊசலாடக் கால் மென்மையாகப் படிகிறது. ஒடிசியில் சௌகமாகச் சதுரத்தில் உறைந்து, திரிபங்கியாக மூன்று வளைவில் நெகிழ்கிறார்கள். மணிப்புரியில் சலங்கையே கட்டுவதில்லை. பூமி விழித்துவிடக் கூடாது என்பதுபோல ஓசையின்றிப் பாதம் வைக்கிறார்கள்.

நம் கிராமங்களில் கும்மியும் கோலாட்டமும் ஒயிலாட்டமும் கரகமும் வட்டமாகவும் வரிசையாகவும் மண்ணின் மேல்தான் நடக்கின்றன. முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டும் பெண்களுக்கு மேடையும் இல்லை, சலங்கையும் இல்லை. முளைத்து வந்த பயிருக்கும் முளைக்கவைத்த மண்ணுக்கும் நன்றி சொல்ல அவர்களுக்குக் கையும் காலும் போதும். ஒரே கூடத்தில் திங்களன்று பரதமும் புதனன்று கிராமிய நடனமும் சனியன்று சினிமாப் பாட்டு நடனமும் சொல்லித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அன்போடும் ஒழுங்கோடும் சொல்லித் தருகிற எதையும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. சினிமாப் பாட்டுக்கு வரிசையாக நிற்கும் பிள்ளையும் பக்கத்தில் நிற்பவனுக்கு இடம் விடக் கற்றுக்கொள்கிறான்.

பரதத்துக்குள்ளேயும் பாணிகள் உண்டு. பந்தநல்லூர், வழுவூர், மெலட்டூர், கலாக்ஷேத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை, ஒரு நிறம். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வழியில் அடவுகளின் கட்டுக்கோப்பைக் காணலாம். வழுவூர் ராமையா பிள்ளையின் வழியில் குழைவையும் நளினத்தையும் காணலாம். பாணிகளைப் பேசுகிறவர்கள் சில நேரம் சண்டைக்கே போய்விடுவார்கள். ஆனால் எல்லாப் பாணிகளும் ஒரு செயலில் சேர்ந்துவிடுகின்றன. எல்லோரும் முதலில் குனிந்து தரையைத் தொடுகிறார்கள்.

பரத நிகழ்ச்சி ஒன்றின் வரிசையை மார்க்கம் என்கிறோம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று போகும் இந்த ஒழுங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்துத் தந்தவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய பரதக் கலைஞர் டி. பாலசரஸ்வதி, இந்த வரிசை முழுவதும் ஒரு கோயிலுக்குள் நடந்து போவதாக விளக்கினார். அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்தில் தெய்வம் உறையும் இடத்துக்குள் நுழைகிறோம். பதத்தில் மேளச் சத்தம் அடங்கி, தெய்வத்துக்கு மிக அருகில் நிற்கிறோம். தில்லானா, ஆரவாரத்தோடு காட்டப்படும் கடைசிக் கற்பூரம். அதன்பின் வரும் எளிய பாடலில், இதுவரை வெளியே வைத்துப் போற்றிய தெய்வத்தை நெஞ்சுக்குள் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். ஏழு வயதில், 1925-இல், காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் அரங்கேறியவர் அவர். கோயிலில் தொடங்கியவருக்குக் கோயிலாகவே கலை தெரிந்ததில் வியப்பில்லை.

அந்தக் கோபுர வாசலான அலாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டு இல்லை, கதை இல்லை, ஒரு தெய்வத்தின் பெயர்கூட இல்லை. வெறும் சொற்கட்டுக்குக் கண் அசைகிறது. பிறகு கழுத்து. பிறகு தோள். கை, இடை, கால் என்று உடம்பு ஒவ்வொன்றாக விழிக்கிறது. நின்றும், அரைமண்டியிலும், முழுமண்டியிலும் அதே தாளம் வளர்கிறது. வேண்டுதலோ வரமோ இல்லாத வழிபாடு இது. எனக்கு நீ தந்த கண் இது, கை இது, கால் இது, இதோ வந்து நிற்கிறேன் என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. சந்நிதியில் நின்று பட்டியல் வாசிக்கும் நமக்கு அலாரிப்பு ஒரு நல்ல பாடம்.

வர்ணத்தில் பாரம் முழுவதும் ஏறும். முக்கால் மணி, சில நேரம் ஒரு மணிக்கு மேலும் நீளும். தீர்மானம் எனப்படும் கடினமான அடவுக் கோவை முடிந்த மறுநொடியே மூச்சு வாங்காமல் ஒரு வரியின் ஏக்கத்தை முகத்தில் கொண்டுவர வேண்டும். அதைத் தாண்டி வந்தவர்களுக்கே பதத்தின் அமைதி கிடைக்கிறது. அப்போது கால் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஒரு பார்வையும் ஒரு கையசைவும் போதும். உழைத்துக் களைத்த பிறகு வரும் இந்த அமைதியைச் சும்மா உட்கார்ந்து பெற முடியாது. தியானத்தில் அமர மனம் மறுக்கிறதே என்று வருந்துகிறவர்கள், முதலில் உடம்பை ஒரு நல்ல வேலையில் முழுமையாகச் செலுத்திப் பார்க்கலாம்.

நெஞ்சுக்கு நேரே கைகூப்பும்போது அவையோரை நினைக்கிறோம். நமக்கு முன் இந்தக் கலையைச் சுமந்தவர்களையும் அப்போது நினைக்க வேண்டும். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு ஆடல் மகளிரைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் பங்கும் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. அந்த மரபில் தலைமுறை தலைமுறையாக வந்த பெண்களும், அவர்களுக்குச் சொல்லித் தந்த நட்டுவனார்களும்தான் அடவையும் பதத்தையும் காத்தவர்கள். பின்னால் காலம் மாறியது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. பல சிறுமிகளின் வாழ்க்கை அதனால் காப்பாற்றப்பட்டது. அதே காலத்தில் கலையையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் பல, பிழைப்பையும் மதிப்பையும் இழந்து ஒதுங்கின. அவர்கள் தாங்கி வைத்ததைத்தான் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளை நினைக்கும்போது என் கை தானாகக் குவியும். பாலசரஸ்வதிக்கு அபிநயம் சொல்லித் தந்தவர்களில் அவர் ஒருவர். ருக்மிணி தேவி அருண்டேலும் அவரிடம் கற்றார். ருக்மிணி தேவி மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். சிருங்காரம் பற்றிப் பாலசரஸ்வதியும் ருக்மிணி தேவியும் கொண்ட கருத்துகள் வெவ்வேறு. பாலசரஸ்வதிக்குச் சிருங்காரமே பக்தியின் உச்சம். ருக்மிணி தேவி சிருங்காரப் பதங்களில் பலவற்றை விலக்கினார். இரண்டு வழிகளும் இன்றுவரை செழிக்கின்றன. இரண்டுக்கும் முகபாவம் சொல்லித் தந்த ஓர் அம்மாள் பொதுவாக இருந்தார் என்பதை நினைத்தால் வாதங்களின் சூடு குறையும்.

அரங்கேற்றம் பற்றிப் பெற்றோரிடம் மெல்லச் சொல்ல வேண்டியது ஒன்று. சிலப்பதிகாரத்தின் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளுக்கு அது ஆடல் வாழ்வின் தொடக்கம். இன்றோ பல வீடுகளில் அரங்கேற்ற மேடையே கடைசி மேடையாகிவிடுகிறது. மண்டபமும் உடையும் விருந்தும் நகையுமாகப் பெரும் செலவு. அடுத்த மாதத்திலிருந்து சலங்கை பெட்டிக்குள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் நூற்றெட்டு ஆடல் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, எண்பத்தொன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். மீதி இருபத்தேழு கற்கள் வெறுமையாகவே இருக்கின்றன. பேரரசன் எடுத்த கோயிலிலேயே ஆடல் முடிவுபெறவில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு வயதில் முடிந்துவிட வேண்டும்? மேடை வேண்டாம் என்றாலும் வாரம் ஒரு நாள், கூடத்தில் விளக்கேற்றி, தட்டிக் கும்பிட்டு, தெரிந்த ஓர் அடவை ஆடிவிட்டு வணங்கி முடிக்கலாம். அது பூஜைக்குக் குறைந்ததாகாது.

ஆடத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பேறு என்றும் இல்லை. காரைக்கால் அம்மையார் ஆடவில்லை. உன் அடியின் கீழ் இருந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்று, திருவாலங்காட்டில் ஆடும் ஈசன் அடியில் அமர்ந்தார். கங்கைகொண்ட சோழபுரத்து நடராஜர் சிற்பத்தில் அவர் அங்கே அமர்ந்திருப்பதைக் காணலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் கையில் தாளத்தோடு இருக்கிறார். ஆடுபவன் இறைவனே ஆனாலும் அருகில் தாளம் பிடிக்க ஒருவர் வேண்டும். வகுப்பு முடியும்வரை வாசல் திண்ணையில் காத்திருக்கும் பாட்டிமார்களும், இரண்டு பேருந்து மாறிப் பிள்ளையை அழைத்து வரும் அப்பாக்களும், சலங்கைத் தோலில் அறுந்த மணியைக் கோத்துத் தரும் அம்மாக்களும் அந்த அம்மையாரின் வரிசையில் இருப்பவர்கள்.

எனக்கு வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களும் உண்டு. ராசசேகரன் சிங்காசனத்தில் அமர்ந்த பிறகு கற்கப் போனவன். ஓர் அரசன் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஆசிரியர் முன் கால் நடுங்க நின்றதால்தான் அந்தத் திருவிளையாடலே நிகழ்ந்தது. இப்போது பல வகுப்புகளில் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் சேர்கிறார்கள். ஆண்களும் வருகிறார்கள். முழங்கால் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு அமரலாம். வேகம் வராவிட்டால் முதல் காலத்திலேயே நிற்கலாம். பணிவு எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் கிடைக்கிறது.

இந்தப் பயிற்சி வகுப்பை விட்டு வெளியே வந்தால்தான் முழுமை. கால் கடுக்க நின்று பழகியவள் துணிக்கடைக்குப் போகும்போது, காலையிலிருந்து நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் கால்கள் கண்ணில் பட வேண்டும். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை நாம் எல்லோரும் அந்தக் கடைகளுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தோம். விரித்த புடவையைப் பார்த்தோம், விரித்தவரின் கால்களைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நிற்கும் அம்மா, நாற்றங்காலில் குனிந்து நிற்கும் விவசாயத் தொழிலாளி, பேருந்தில் நின்றபடியே நாளை முடிக்கும் நடத்துநர் என்று நம் வாழ்க்கை முழுவதும் ஊன்றிய கால்களின் மேல்தான் நிற்கிறது. அவர்களிடம் உனக்கு வலிக்கவில்லையா என்று கேட்கத் தெரிந்துவிட்டால், பாண்டியன் பார்த்ததை நாமும் பார்த்துவிட்டோம்.

வருகிற விஜயதசமிக்கு உங்கள் தெருவில் இருக்கும் நடன வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளையைச் சேர்ப்பதென்றால் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கே ஆசை இருந்தால் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஆசிரியரிடம் கேளுங்கள். மார்க்கம் முழுவதும் கற்க முடியாமல் போகலாம், ஓர் அலாரிப்புக்கூட வராமல் போகலாம். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த முதல் வணக்கத்தை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்களைத் தாங்குகிறவர்கள் யார் யார் என்று நாள்தோறும் ஒருவரையாவது நினைத்து அதைச் செய்யுங்கள்.